வீட்டிலேயே 200 பார்: ஏர் ரைஃபிளுக்கு எந்த கம்ப்ரசர்?

போன எபிசோட்ல, வார இறுதியில நான் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பழகுறேன்னு போகிற போக்கில ஒரு வரி சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த வாய்ஸ் நோட்கள்ல ஒண்ணு என்னைத் தூங்க விடல. பேசினவர் ஒரு அப்பா. பொண்ணு பத்தாவது படிக்கிறா, ரைஃபிள் பழகுறா.

"தம்பி, சிலிண்டர்ல காற்று நிரப்ப ஒவ்வொரு தடவையும் ரேஞ்சுக்கு ஓட வேண்டியிருக்கு. எங்க தெரு வெல்டிங் பட்டறைல ஆக்சிஜன் சிலிண்டர் 150 பார்ல இருக்கு. அதுலேருந்து ஒரு அடாப்டர் போட்டு நிரப்பிக்கலாமா? இல்ல, வீட்டுக்கு கம்ப்ரசர் வாங்கணும்னா எது வாங்கலாம்?"

முதல் கேள்விக்கு அன்னைக்கே போன் பண்ணி பதில் சொல்லிட்டேன்: கூடவே கூடாது, சார். துப்பாக்கிக்குள்ள ஓ-ரிங் இருக்கு, கிரீஸ் இருக்கு. அழுத்தமான ஆக்சிஜன் இதுங்க மேல பட்டா, நெருப்புப் பொறியே இல்லாம தீப்பிடிச்சு வெடிக்கலாம். பிடிச்சிருக்கிறது பொண்ணோட கை, கன்னம் வச்சிருக்கிறது அவ முகம். இந்த எபிசோட்ல ஒண்ணே ஒண்ணுதான் ஞாபகம் இருக்கும்னா, அது இதுவா இருக்கட்டும்.

ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்த எபிசோட்.

முதல்ல கணக்கு, அப்புறம் கடை

எல்லாரும் முதல்ல கேட்கிறது "எத்தனை பார் ஏறும்?" கார் டயர்ல இருக்கிறது சுமார் 2.2 பார். பஞ்சர் கடை கம்ப்ரசர் 8, 10 பார் வரைக்கும் போகும். போட்டி ரைஃபிள் சிலிண்டருக்கு வேண்டியது 200 பார். சந்தையில இந்த வேலைக்குன்னு வர்ற மெஷின் பெரும்பாலும் 300 பார்னு போட்டிருக்கும். அதனால அந்த நம்பரை வச்சு ஒண்ணுல இருந்து இன்னொண்ணைப் பிரிக்க முடியாது. கேட்க வேண்டியது வேற: எனக்கு எத்தனை லிட்டர் காற்று வேணும்?

என் ரைஃபிள் சிலிண்டர் 0.16 லிட்டர். 70 பாருக்கு இறங்கினதும் மறுபடி 200-க்கு ஏத்துறேன். வித்தியாசம் 130 பார். 130-ஐ 0.16 ஆல் பெருக்கினா, சுமார் 21 லிட்டர். அதாவது நம்ம வீட்டு தண்ணி கேன் அளவு காற்று. அவ்வளவுதான்! 60 ஷாட் போட்டி ஒண்ணு, அதுக்கு முன்னாடி சுடுற பழகு ஷாட்கள், எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஃபில் தாராளமா தாங்குது.

இதே ஒரு 6.8 லிட்டர் டேங்கை காலியிலேருந்து 300 பாருக்கு ஏத்தணும்னா? 2,040 லிட்டர். கிட்டத்தட்ட நூறு மடங்கு. ரைஃபிள் நிரப்ப ஒரு மெஷின், டேங்க் நிரப்ப வேற மெஷின். பாதிப் பேர் பணத்தைத் தொலைக்கிறது இந்த வித்தியாசம் தெரியாமத்தான்.

சூடு எங்கேருந்து வருது

சைக்கிள் பம்ப் அடிச்சா அடிப்பக்கம் சுடும், ஞாபகம் இருக்கா? காற்றை அமுக்கினா சூடாகும். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் பிளக்கே கிடையாது, அமுக்கின சூட்டுலயே டீசல் பத்திக்குது.

30 டிகிரி காற்றை, நடுவுல குளிர்விக்காம, ஒரே அமுக்குல 300 பாருக்குக் கொண்டு போனா, பேப்பர் கணக்குப்படி 1,200 டிகிரியைத் தாண்டும். எந்த வாஷரும் நிக்காது. அதனால படிப்படியா அமுக்கி, ஒவ்வொரு படிக்கும் நடுவுல குளிர்விக்கிறாங்க. இதைத்தான் ஸ்டேஜ்னு சொல்றோம். ரெண்டு ஸ்டேஜ்னா ஒவ்வொண்ணும் சுமார் 17 மடங்கு அமுக்கணும், அதே கணக்குல 400 டிகிரி வரும். மூணு ஸ்டேஜ்னா தலா 6.7 மடங்கு, 240 டிகிரி பக்கம். கடல்ல டைவ் அடிக்கிறவங்களுக்கு நிரப்புற பெரிய கம்ப்ரசர்கள் மூணு ஸ்டேஜ், நாலு ஸ்டேஜ்னு வர்றதும், வருஷக்கணக்கா உழைக்கிறதும் இதனாலதான். மலிவான மெஷின் சீக்கிரம் படுக்கிறதும் இதே காரணத்தாலதான்.

சூட்டுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அவசரமா நிரப்பினா சிலிண்டரும் சூடாகும். 60 டிகிரில கேஜ் 200 காட்டினா, 30 டிகிரிக்கு ஆறினதும் அது 182 தான். "லீக் ஆகுது"ன்னு வர்ற புகார்ல கணிசமானது இதுதான். மெதுவா நிரப்புங்க, ஆற விடுங்க, அப்புறம் பாருங்க.

நான் தோத்தது தண்ணிகிட்ட

இப்போ என் கதை. முதல் கம்ப்ரசர் வாங்கினப்போ சூடு, வாட், பார் எல்லாம் எக்செல்ல போட்டு ஒப்பிட்டேன். ஈரத்துக்கு ஒரு காலம் கூட ஒதுக்கல. அதுல தண்ணி வடிக்க ஒரு குட்டி வால்வு இருந்தது. சில நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்துவிடணும். திறந்தா ஏறின அழுத்தம் கொஞ்சம் போகுதேன்னு நான் விட்டுட்டேன்.

சென்னைக் காற்றைக் கணக்குப் போடலாம். 30 டிகிரி, 75 சதவீதம் ஈரப்பதம்னா, ஆயிரம் லிட்டர் காற்றுல சுமார் 23 கிராம் தண்ணி ஆவியா இருக்கு. 200 பாருக்கு அமுக்கினா அதுல கிட்டத்தட்ட முழுசும் தண்ணியாகிடும். என் 21 லிட்டர் ஃபில்லுக்கு அரை கிராம், அதாவது பத்து சொட்டு. வாரத்துக்கு ரெண்டு ஃபில், மூணு மாசம், எதையும் வடிகட்டாம விட்டா ரெண்டு டீஸ்பூனுக்கு மேல தண்ணி.

மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம் முன்னாடி, ராத்திரி 200-ல வச்ச ரைஃபிள் காலையில 150 காட்டுச்சு. ஆறினதால இவ்வளவு இறங்காது. ரேஞ்ச்ல துப்பாக்கி சரி பார்க்கிற அண்ணன் பிரிச்சார். உள்ள பழுப்பு ஈரம், வால்வு ஸ்பிரிங்ல துரு. அவர் திட்டவே இல்ல. ஒரு டிஷ்யூ பேப்பரால துடைச்சு என் கையில கொடுத்தார். அன்னைக்குத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். இரவல் ரைஃபிள்ல போட்டியில சுட்டேன். ஸ்கோர் கேட்காதீங்க.

அதனால கம்ப்ரசர் விலையோட ஃபில்டர் விலையையும் சேர்த்தே பார்க்கணும். முதல்ல தண்ணியைப் பிரிக்கிற செப்பரேட்டர், அடுத்து மிச்ச ஈரத்தை உறிஞ்சுற மாலிகுலர் சீவ், எண்ணெய் வாடையைப் பிடிக்கிற ஆக்டிவேட்டட் கார்பன். இதுல நிரப்பியிருக்கிறதுக்கு ஆயுசு உண்டு. மாத்துறதுக்கு இங்க கிடைக்குமான்னு வாங்கும்போதே கேளுங்க.

அப்போ எதை வாங்கலாம்?

ஒண்ணு, கைப்பம்ப். ஒரே ஒரு ரைஃபிள், வாரத்துக்கு ரெண்டு ஃபில்னா இதுவே போதும். நூறு தடவைக்கு மேல அடிக்கணும், கடைசி 50 பார்ல உடம்பு எடையை முழுசாப் போட்டுத்தான் இறக்கணும். நடுவுல நிறுத்தி ஆற விடணும். பத்தாவது படிக்கிற பொண்ணால தனியா முடியாது, அப்பா அடிக்கலாம். ஜிம் கட்டணம் மிச்சம்.

ரெண்டு, 12 வோல்ட்ல ஓடுற கையடக்க மெஷின். ரைஃபிளுக்கு நல்லா இருக்கும். ஆனா நிமிஷத்துக்கு 5 லிட்டர் தள்ளுதுன்னு வச்சுக்கிட்டா, அந்த 6.8 லிட்டர் டேங்குக்கு ஏழு மணி நேரம் ஓடணும். அதுக்குள்ள மெஷின் போயிடும். எவ்வளவு நேரம் ஓட்டலாம், எவ்வளவு நேரம் நிறுத்தணும்னு மேனுவல்ல இருக்கும். அதை மீறாதீங்க.

மூணு, பக்கெட் தண்ணியில குளிர்விக்கிற, 230 வோல்ட் மெஷின். 1,800 வாட்னா சுமார் 8 ஆம்பியர். சாதாரண 6 ஆம்ப் பிளக்ல போடக்கூடாது, ஏசி, கீசர் போடுற 16 ஆம்ப் பாயிண்ட் வேணும். பக்கெட்ல ரெண்டு ஐஸ் பாட்டில் போட்டா சூடு அடங்கும். கம்ப்ரசருக்குன்னு இருக்கிற சின்தெடிக் ஆயிலை மட்டும் ஊத்துங்க, பைக்குக்கு வாங்கின இன்ஜின் ஆயில் வேண்டாம். டேங்க் நிரப்பணும்னா, இல்ல நாலஞ்சு பேர் சேர்ந்து பழகுறீங்கன்னா, இது சரி. சத்தம் பலமா இருக்கும், அபார்ட்மென்ட்ல மதியத் தூக்கத்துல ஓட்டிட்டு என்னைக் குறை சொல்லாதீங்க.

எதை வாங்கினாலும் மூணு விஷயம் இருக்கணும்: நம்பகமான கேஜ், குறிச்ச பார்ல தானா நிக்கிற வசதி, அதுவும் தவறினா காற்றை வெளியே விடுற பர்ஸ்ட் டிஸ்க். 300 பார் மெஷின்ல 200 பார் சிலிண்டரை மாட்டிட்டு காபி போடப் போகக்கூடாது. பக்கத்துலயே நில்லுங்க.

டேங்க் வாங்க நினைக்கிறவங்களுக்கு

300 பார்ல நிரம்பின 6.8 லிட்டர் டேங்க்குக்குள்ள இருக்கிற சக்தி, மணிக்கு 100 கிலோமீட்டர்ல வர்ற ஒரு டன் கார்ல இருக்கிறதுக்குச் சமம். நம்ம நாட்டுல 500 மில்லிக்கு மேல இருக்கிற சிலிண்டர்களுக்கு 2016-ஆம் வருஷத்து கேஸ் சிலிண்டர் விதிகள் இருக்கு. அங்கீகாரம் உள்ளதா, அழுத்தச் சோதனை தேதி எப்போன்னு பார்த்து வாங்குங்க. பழைய டேங்க் மலிவா கிடைக்குதுன்னு தூக்கிட்டு வராதீங்க. ரைஃபிள் சிலிண்டருக்கும் காலாவதி தேதி உண்டு. சர்வதேசப் போட்டி விதிப்படி அதைக் கவனிக்கிறது சுடுறவரோட பொறுப்பு.

அந்த அப்பா என்ன பண்ணினார்? கணக்கைப் பார்த்துட்டு, கைப்பம்ப் வாங்கிட்டார். போன வாரம் போட்டோ அனுப்பியிருந்தார்: மொட்டை மாடியில வேர்த்து விறுவிறுக்க அவர், பக்கத்துல கேஜைப் பார்த்துட்டே கையைத் தூக்கி "நிறுத்துப்பா"ன்னு சொல்ற பொண்ணு.

அவ்வளவுதான் இந்த வாரம். உங்க சிலிண்டர் எத்தனை லிட்டர், வாரத்துக்கு எத்தனை ஃபில்னு எழுதி அனுப்புங்க, சேர்ந்தே கணக்குப் போடலாம். தண்ணியை வடிக்க மறந்துடாதீங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.