கொள்ளையிடும் ஸ்குவாவும் கடலில் கொட்டிய மீனும்

ஸ்கொட்லாந்தின் வடக்கேயுள்ள ஷெட்லண்ட் தீவுகளில் இனப்பெருக்கம் செய்யும் பெரும் ஸ்குவா, கடற்கொள்ளையன் என வர்ணிக்கப்படும் பறவையாகும். இதன் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. எனினும், தன்னைப்போல் இருமடங்கு எடையுள்ள கனெற் பறவையையே இது துரத்துகின்றது. பறந்துகொண்டிருக்கும் கனெற்றின் சிறகையோ வாலையோ அலகினாற் பற்றி நிலைகுலையச் செய்து கடலில் வீழ்த்துகின்றது. விழுங்கிய மீனை அது கக்கும்வரை ஸ்குவா விடுவதில்லை. சிறிய பறவைகளிடம் பறிப்பதோடு நில்லாது, அவற்றைக் கொன்றும் தின்கின்றது.

மேற்கே, 1930இல் மக்கள் முற்றாக வெளியேறிய சென்ற் கில்டா தீவுகளில் நிலைமை இன்னும் கொடியது. அங்கு சுமார் 45 கிராம் எடையேயுள்ள ஒருவகைப் புயற்பறவை வளைகளில் முட்டையிடுகின்றது. பகைவரிடமிருந்து தப்புவதற்காகவே அது இரவில் மட்டும் கரைக்கு வருகின்றது. ஸ்குவாக்களோ இரவிலும் வேட்டையாடப் பழகிவிட்டன. ஆண்டுதோறும் பல்லாயிரக்கணக்கான புயற்பறவைகள் இவற்றுக்கு இரையாகிவந்ததாக ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர்.

அவ்வாறாயின் ஸ்குவாக்களைக் கொன்று குறைத்துவிடலாமே என எவரும் கேட்கக்கூடும். இப்பறவைகள் இத்துணை பெருகியது எவ்வாறு என்பதையும் அவர்கள் கேட்டாக வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் ஷெட்லண்டில் இவ்வினம் அழிவின் விளிம்பில் நின்றது. முட்டை சேகரிப்போரிடமிருந்து நில உரிமையாளர் சிலர் காத்தமையாலேயே பிழைத்தது. 20ஆம் நூற்றாண்டில் அது பெருகியதற்குப் பாதுகாப்பு ஒரு காரணம். மற்றையது, வட கடலில் இழுவைப் படகுகள் வேண்டாமென வீசியெறிந்த மீன். (இழுவைமடி எதையெல்லாம் வாரி எடுக்கும் என்பதை நமது வடபகுதி மீனவருக்கு விளக்கத் தேவையில்லை.) அளவிற் சிறியவை, விலைபோகாதவை, அனுமதிக்கப்பட்ட பங்கிற்கு மேற்பட்டவை யாவும் செத்த நிலையிற் கடலிற் கொட்டப்பட்டன. ஸ்குவாக்களுக்கு அது உழைப்பின்றிக் கிடைத்த விருந்தாயிற்று.

பின்னர் மீன்வளங் குன்றியது. கொட்டப்படும் மீனும் குறைந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2015 முதல் 2019 வரை படிப்படியாக நடைமுறைப்படுத்திய சட்டம், பிடித்த மீனைக் கரைசேர்க்க வேண்டுமெனப் பணித்தது. சட்டம் நியாயமானதே. ஆயினும், எறியப்படும் மீனும் சாண்ட்ஈல் எனப்படும் மெலிந்த சிறுமீனும் ஒருங்கே அருகும் வேளையில் ஸ்குவாக்கள் ஏனைய பறவைகளைக் கூடுதலாகத் தின்னும் என்பதை ஷெட்லண்ட் தரவுகளைக் கொண்டு 2004இல் வெளியான ஆய்வு காட்டியிருந்தது. கிற்றிவேக் பறவைகள் இருவழியாலும் தாக்குண்டன. அவற்றின் குஞ்சுகளுக்கு உணவான சாண்ட்ஈல் இல்லாதுபோயிற்று. அது இல்லாமையினாலேயே ஸ்குவாக்கள் கூடுகளை நாடின.

இதற்கிடையில் கொள்ளையனுக்கும் கேடு வந்தது. 2021 கோடையில் பறவைக் காய்ச்சல் ஸ்குவாக்களிடையே தோன்றி, மறு ஆண்டில் பேரழிவாயிற்று. உலகிலுள்ள பெரும் ஸ்குவாக்களில் அரைவாசிக்கு மேற்பட்டவை அதுவரை ஸ்கொட்லாந்திலேயே இனப்பெருக்கம் செய்துவந்தன. 2023இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில், பிரித்தானியாவில் அவற்றின் தொகை 76 சதவீதம் வீழ்ந்திருந்தமை தெரியவந்தது. பிறரிடம் பறித்துண்ணும் பறவை, நோயுற்றதையும் செத்ததையும் தின்னும் பறவை, நன்னீர்க் குளங்களிற் கூட்டமாக நீராடும் பறவை. தொற்றுக்கு இவையெல்லாம் வழிகளாகும்.

கடற்பறவைகளின் உணவைக் கருதி, 2024 மார்ச்சில் வட கடலின் ஆங்கிலேயப் பகுதியிலும் ஸ்கொட்லாந்துக் கடற்பரப்பிலும் சாண்ட்ஈல் மீன்பிடி தடைசெய்யப்பட்டது. டென்மார்க் மீன்பிடித்துறையினரின் நலனை முன்வைத்து ஐரோப்பிய ஒன்றியம் இதனை நடுவர் மன்றத்துக்குக் கொண்டு சென்றது. 2025இல் வந்த தீர்ப்பு ஆங்கிலேயப் பகுதி தொடர்பான முடிவிற் குறைகண்டபோதிலும், தடையை நீக்குமாறு பணிக்கவில்லை.