பாய்ப்படகில் மண்ணெண்ணெய் அடுப்பு

1916ஆம் ஆண்டிலே சாக்கிள்டனும் தோழர் ஐவரும் எலிபன்ற் தீவிலிருந்து தென் ஜோர்ஜியாத் தீவுக்கு ஏறத்தாழ 800 மைல் சிறு படகொன்றிற் கடந்தனர். அலையெறிந்த அப்படகில் இருவர் தம் கால்களிடையே பிறைமஸ் என்னும் மண்ணெண்ணெய் அடுப்பை இறுக்கிப் பிடித்தனர். சுடுபாலும் சூட்டுணவும் அவ்வாறே கிடைத்தன.

இவ்வடுப்பில் எரிவது எண்ணெய் அன்று, அதன் ஆவியே. ஆதலின், முதற்கண் கிண்ணியில் மதுசாரம் வார்த்து எரித்து, அடுப்பின் தலையை நன்கு சூடேற்றல் வேண்டும். பின்னர்க் காற்றடித்தால் நீலச் சுவாலை தோன்றும். பொறுமையிழந்து முந்தினால், எண்ணெய் ஆவியாகாது பாய்ந்து மஞ்சட் சுவாலையாய்ப் பொங்கும். படகிலே ஓடி ஒதுங்க இடமேது? உடனே காற்றுத் திருகைத் திறந்துவிடுக. சூடான அடுப்பில் மீண்டும் மதுசாரம் வார்த்தல் ஒருபோதும் ஆகாது.

எண்ணெயைத் துணியில் வடித்தே ஊற்றுக. துளை அடைபட்டால் ஊசியாற் குத்துக. அடுப்பை ஊசலாடும் சட்டத்தில் அமைத்தால், படகு சாயினும் பாத்திரம் சாயாது. அறையிற் காற்றோட்டம் வேண்டும். இன்றேல் காபனோரொட்சைட்டு மணமுமின்றி, நிறமுமின்றிக் கொல்லும்.

சூடேறும்வரை காத்திருக்கும் அச்சில நிமிடங்களே இவ்வடுப்பின் இலக்கணம் என்போம். பதறாத காரியம் சிதறாது.