சொட்டு... சொட்டு... வடபழனியில் தூக்கம் போச்சு!

ராத்திரி 2 மணி. வானம் இடிக்கிறது. தகரத்தின் மேல் சரவெடி வெடித்த மாதிரி மழை கொட்டுகிறது.

முதலில் நெற்றியில் ஒரு சொட்டு. அடுத்து தலையணையில் ஒரு சொட்டு.

"எழுந்திருங்க, மறுபடியும் ஒழுகுது!"

அவ்வளவுதான். அண்டா, குண்டான், பக்கெட், சொம்பு என்று கையில் கிடைத்தது எல்லாம் தரைக்கு வருகிறது. பிள்ளைகளின் புத்தகப் பை பீரோவுக்கு மேல் ஏறுகிறது. தையல் மிஷின் மூலைக்கு நகர்கிறது. விடியும் வரை வீட்டில் ஒருத்தரும் கண் மூடுவது இல்லை.

வடபழனி, சாலிகிராமம் பக்கம் மொட்டை மாடியில் ஷீட் போட்ட வீடுகளில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் காட்சி புதிது அல்ல. ஆற்காடு ரோட்டை ஒட்டிய சந்துகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் தெரியும். மாடிக்கு மாடி தகரம். தகரத்தின் மேல் பழைய விளம்பர பேனர். பேனர் பறக்காமல் இருக்க நாலு செங்கல், ரெண்டு பழைய டயர்!

ஒழுகலுக்கு இது மருந்தா? இல்லை. நோய் முற்றுவதற்குத்தான் இது வழி.

கீற்று போய் தகரம் வந்தது

வடபழனிக்கும் கூரைக்கும் பழைய உறவு உண்டு. இன்று கோபுரத்தோடு நிற்கும் முருகன் கோவிலே, 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாசாமி போட்ட ஓலைக் கொட்டகையில்தான் தொடங்கியது.

ஓலையும் கீற்றும் வெயிலுக்குக் குளிர்ச்சி. ஆனால் நெருப்புக்கு எதிரி. 2004 ஜூலை 16-ந்தேதி கும்பகோணம் பள்ளிக்கூடத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் கருகினார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கொட்டகைகளை அகற்ற உத்தரவு வந்தது. வீடுகளிலும் தகரத்தின் மேல் நம்பிக்கை கூடியது.

தகரத்தை அலை அலையாக வளைத்தால் பலம் கூடும் என்று கண்டுபிடித்தவர் லண்டன் துறைமுகக் கம்பெனி என்ஜினீயர் ஹென்றி பாமர். ஆண்டு 1829. அதன் மேல் துத்தநாகம் பூசினால் துரு பிடிக்காது என்பது 1837-ல் பிரான்சில் வந்த யோசனை. அந்த இரண்டும் சேர்ந்ததுதான் இன்று நம் தலைக்கு மேல் இருக்கும் ஷீட்.

தகரம் நல்ல கூரைதான். ஆனால் போட்டுவிட்டு மறந்தால் பழி வாங்கும்!

ஒரு லாரி தண்ணீர்!

20 அடிக்கு 15 அடி ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 சதுர அடி. சின்னக் கூரைதான்.

அதன் மேல் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் தண்ணீர். 10 சென்டிமீட்டர் பெய்தால் 2,800 லிட்டர்.

2015 டிசம்பர் 1-ந்தேதி பெய்த பேய் மழையை யாரும் மறக்க முடியாது. மறுநாள் காலை வரை நுங்கம்பாக்கத்தில் மட்டும் 29 சென்டிமீட்டர் பதிவானது. அந்தக் கணக்குப்படி இந்தச் சின்னக் கூரை மேல் ஒரே நாளில் விழுந்த தண்ணீர் 8,000 லிட்டருக்கு மேல். கோடையில் தெருவுக்கு வரும் 9,000 லிட்டர் தண்ணீர் லாரியை அப்படியே கூரையில் கவிழ்த்த மாதிரி!

அவ்வளவு தண்ணீரும் போக வேண்டியது ஒரே ஒரு தகரக் கால்வாய் வழியாக. வெல்டிங் பட்டறைக்காரர்கள் 'கட்டர்' என்று சொல்வார்களே, அதுதான். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை அடைத்துக்கொண்டால்?

தண்ணீர் தேங்கும். ஏறும். ஷீட்டுக்கு அடியில் புகுந்து சுவர் வழியாக வீட்டுக்குள் இறங்கும். "ஷீட்ல ஓட்டை இல்லையே, எப்படி ஒழுகுது?" என்று தலையைச் சொறிகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்தக் கட்டரைத்தான்.

உள்ளே என்னதான் இருக்கும்? வேப்பிலை, புங்க இலை, காக்கா கொண்டுவந்து போட்ட எலும்பு, பட்டம் விட்ட நூல், பந்து, பால் கவர். எல்லாம் வெயிலில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து, முதல் மழையில் களிமண் மாதிரி இறுகிவிடும். அரசங்கன்று முளைத்த கட்டர்களும் உண்டு!

அது மட்டும் அல்ல. தேங்கி நிற்கும் தண்ணீரில் டெங்கு கொசு முட்டை இடும். ஏழு முதல் 10 நாளில் கொசுவாகப் பறக்கும்.

ஓட்டை எங்கே?

கட்டர் சுத்தமாக இருந்தும் ஒழுகினால், அடுத்த சந்தேகம் ஆணி மேல்.

ஷீட்டை இரும்புச் சட்டத்தோடு பிடித்திருப்பது ஸ்குரூ. பழைய கூரை என்றால் ஜே போல்ட். அதன் தலைக்கு அடியில் ரப்பர் வாஷரோ, தார் வாஷரோ இருக்கும். சென்னை வெயிலில் வாஷர் காய்ந்து வெடித்துவிடும்.

தகரமும் சும்மா இருப்பது இல்லை. 20 அடி ஷீட்டில் 30 டிகிரி சூடு ஏறினால் சுமார் 2 மில்லிமீட்டர் நீளும். ராத்திரியில் சுருங்கும். தினமும் இப்படி இழுத்து இழுத்து, ஆணி ஓட்டை பெரிதாகிவிடும். தண்ணீருக்கு அது போதும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. ஓட்டை ஓர் இடம், சொட்டுவது வேறு இடம்! மேலே புகுந்த தண்ணீர் சட்டத்தின் மேலேயே ஊர்ந்து வந்து, நாலு அடி தள்ளி விழும். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலே பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறைய பேர்.

கண்டுபிடிக்க சுலபமான வழி இருக்கிறது. நல்ல வெயில் நேரத்தில் கதவு, ஜன்னலை மூடிவிட்டு உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். ஓட்டை இருந்தால் பகலிலேயே நட்சத்திரம் தெரியும்! அந்த இடத்தை சாக்பீசால் குறித்துக்கொள்ளுங்கள்.

அதிலும் தெரியவில்லையா? ஒருவர் வெளியே ஏணியில் நின்று ஹோஸ் பைப்பால் தண்ணீர் விட வேண்டும். ஒருவர் உள்ளே பார்க்க வேண்டும். கீழ் ஓரத்தில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக வேண்டும். மேலிருந்து ஆரம்பித்தால் எங்கே புகுந்தது என்றே தெரியாது.

சிமெண்டு வேண்டாம்!

ஒழுகினால் உடனே சிமெண்டைக் குழைத்து அப்புவது நம் ஊர் வழக்கம். ஆனால் தகரம் சூட்டில் நீளும், சிமெண்டு அதற்கு ஈடு கொடுக்காது. ஒரு கோடை தாண்டுவதற்குள் விரிசல் விட்டு, அதற்கு அடியிலேயே தண்ணீர் தங்கி, துரு பிடிக்கும்.

பேனர் போர்த்துவதும் அதே கதைதான். பேனருக்கு அடியில் ஈரம் காயாது. மேலே ஹீரோ சிரிப்பார், அடியில் தகரம் அரிக்கும்!

வாஷர் போயிருந்தால் வாஷரை மாற்ற வேண்டும். ஓட்டை பெரிதாகி இருந்தால் ஒரு சைஸ் பெரிய ஸ்குரூ போட வேண்டும். அலை ஷீட் என்றால் ஸ்குரூ மேட்டில் இருக்க வேண்டும். பள்ளத்தில் அடித்தால், ஓடுகிற தண்ணீருக்கு நடுவில் வாசல் வைத்த மாதிரி.

ஊசி ஓட்டைக்கு இரும்பு பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, பிரைமர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கூரைக்கான ஒட்டு டேப் ஒட்டலாம். ஈரத்தில் ஒட்டினால் எதுவும் நிற்காது. கடையில் சிலிக்கான் வாங்கினால் ஒன்றைக் கவனியுங்கள். வினிகர் மாதிரி புளித்த வாடை அடிக்கும் ரகம் துத்தநாகப் பூச்சை அரிக்கும். 'நியூட்ரல்' ரகம் என்று கேட்டு வாங்க வேண்டும்.

ஷீட் மேல் ஷீட் ஏறும் இடத்தில் அரை அடியாவது மேற்பொருந்தல் வேண்டும். கட்டருக்கு 10 அடிக்கு 1 அங்குலம் வாட்டம் வேண்டும். வாயில் ஒரு கம்பி வலை வைத்தால் இலை பைப்புக்குள் போகாது. ஆனால் வலையும் அடைக்கும். மழைக் காலத்தில் வாரம் ஒரு முறை கை வைத்தே ஆக வேண்டும்.

ஷீட் முழுவதும் சல்லடையாகி இருந்தால் ஒட்டு வேலையில் காசைக் கொட்டாதீர்கள். மாற்றிவிடுவதே லாபம்.

உயிரோடு விளையாட்டு

செலவை மிச்சம் பிடிக்க, மழையோடு மழையாகக் கூரை மேல் ஏறுகிறவர்கள் உண்டு. இதுதான் பெரிய ஆபத்து.

நனைந்த தகரம் பாசி பிடித்த படிக்கட்டு மாதிரி. கால் நிற்காது. காய்ந்த நேரத்தில் ஏறினாலும், ஸ்குரூ வரிசை மேல்தான் கால் வைக்க வேண்டும். அதற்கு அடியில்தான் சட்டம் இருக்கிறது. வெளிச்சத்துக்காக நடுவில் போட்ட பிளாஸ்டிக் ஷீட் மேலும், பழைய கல்நார் ஷீட் மேலும் கால் வைக்கவே கூடாது. உடைந்து ஆளோடு கீழே போகும். கல்நார் ஷீட்டை அறுப்பதும் துளை போடுவதும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

அடுத்தது கரண்ட். சர்வீஸ் ஒயர் தகரத்தில் உரசி, தோல் கிழிந்திருந்தால் கூரை முழுவதும் மின்சாரம் பாயும். ஷீட்டைத் தொட்டால் 'சுர்' என்கிறதா? மெயினை அணைத்துவிட்டு எட்ட நில்லுங்கள். மின்னகம் எண் 94987 94987. 24 மணி நேரமும் புகார் சொல்லலாம். மெயினில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு ஸ்விட்ச் ஒன்று வைத்துவிட்டால், அது வீட்டுக்கே காவல்.

காற்றையும் மறக்கக் கூடாது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வார்தா புயல் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியபோது நகரத்தில் தகரங்கள் காகிதமாகப் பறந்தன. தளர்ந்த ஷீட் மேல் செங்கல் வைப்பது பாதுகாப்பு அல்ல. அடுத்த வீட்டுக்காரர் தலைக்குக் குறி!

செலவு யாருது?

"அய்யா, மழைக்கு முன்னாடியே சொன்னேனே" என்பார் குடியிருப்பவர். "போன வருஷம்தானே அடைச்சுக் குடுத்தேன்" என்பார் வீட்டுக்காரர். ஐப்பசி மாதம் வந்தால் மாடிப் படிகளில் கேட்கும் வசனம் இது.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி, 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம் இருவருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. கட்டுமானப் பழுது வீட்டுக்காரர் பொறுப்பு; குடியிருப்பவரே சேதப்படுத்தினால் மட்டும் விலக்கு. வடிகால் சுத்தம் செய்வது குடியிருப்பவர் பொறுப்பு.

அதாவது, ஆணியும் ஷீட்டும் அவருக்கு. இலையும் தழையும் இவருக்கு. அவரவர் வேலையை அவரவர் பார்த்தால் வாய்த் தகராறுக்கு இடம் இல்லை.

ஆவணியிலே பாருங்க

வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ந்தேதி வாக்கில். சென்னைக்கு ஆண்டுக்கு சராசரியாகக் கிடைக்கும் சுமார் 140 சென்டிமீட்டர் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவதுதான். அப்போது ஆளைத் தேடினால் கிடைக்காது. தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வருவதற்குள் வீட்டுக்குள் குளம்!

ஆவணியிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தகரம் சூடாவதற்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும். ஏணியைப் பிடிக்க ஓர் ஆள், ஒரு வாளி, கையுறை, ஒரு கரண்டி. கட்டரில் இருப்பதை அள்ளி வாளியில் போடுங்கள். பைப்புக்குள் தள்ளாதீர்கள். கடைசியில் ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே குபுகுபு என்று கொட்டினால் வெற்றி. தெருவில் மழைநீர் வடிகால் அடைத்திருந்தால் மாநகராட்சிக்கு 1913-ல் சொல்லுங்கள்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு எல்லா கட்டிடங்களுக்கும் கட்டாயம். முதல் மழையில் அழுக்கு போகட்டும். அதன் பிறகு சுத்தமான கட்டரில் வரும் தண்ணீரைக் கிணற்றுக்கோ, சேகரிப்புக் குழிக்கோ திருப்பிவிடலாம்.

2019 கோடையில் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றதை வடபழனி மறந்திருக்காது. அந்த லாரித் தண்ணீர் கூரை மேலேயே வந்து விழுகிறது. அது தலையணைக்குப் போக வேண்டுமா, கிணற்றுக்குப் போக வேண்டுமா என்பது ஒரு வாளி இலைக் குப்பையில் இருக்கிறது.

அதை அள்ளிவிட்டால் ஐப்பசி மழையிலும் அண்டா அடுப்படியிலேயே இருக்கும். பிள்ளைகளும் நிம்மதியாகத் தூங்கும்!