குருத்தணு: சொல்லும் பொருளும்

நெகிரி செம்பிலான் தோட்டத்து மக்களுக்கு நாய் வெறுங் காவலன் அன்று. இருள் பிரியுமுன் பால்வெட்டுக்குச் சென்றோர்க்கு அது வழித்துணையாகவும் இருந்தது. முதுமையுற்ற தன் வீட்டு நாய் பின்னங்காலை இழுத்து நடப்பதைக் கண்ட மாணவன் ஒருவன் அண்மையில் என்னிடம் வினவினான்: "ஐயா, நாயின் கொழுப்பிலிருந்து குருத்தணு எடுத்துப் போட்டால் குருத்தெலும்பு புதிதாக வளர்ந்துவிடுமாமே, மெய்தானா?" வினா சிறிது. விடை கூறுதற்கோ அறிவியலோடு சொல்லாராய்ச்சியும் வேண்டியதாயிற்று.

'ஸ்டெம் செல்' என்பதைத் தண்டணு என்பாரும் மூல உயிரணு என்பாரும் உளர். குருத்தணு என்னும் ஆக்கமே பொருத்தமுடையது. செம்பனையில் ஓலைகள் பிறக்குமிடம் உச்சிக் குருத்து. காண்டாமிருக வண்டு அதனைத் துளைத்து முளையை அழித்துவிடின் மரமே மடியும். அக்குருத்தைப் போலத் தானும் பெருகி, வேறுவகை உயிரணுக்களையும் தோற்றுவிக்க வல்லது குருத்தணு. கனடாவின் டொராண்டோ நகரில் டில், மக்கலாக் என்னும் இருவர், சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஆக்கும் இத்தகைய அணுக்கள் உண்டென்பதை 1961இல் சோதனையாற் காட்டினர். மனிதக் கொழுப்பிலும் குருத்தணுக்கள் உண்டென 2001இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர்.

நாய்க்குச் செய்யும் முறை இது. மயக்கமருந்து கொடுத்துத் தோளின் பின்புறத்திலோ கவட்டிலோ வயிற்றினுள்ளோ சிறிது கொழுப்பை எடுப்பர். அதனை நொதியாற் கரைத்துச் சுழல்பொறியிற் சுற்றினால் கொழுப்பு மேலே மிதக்கும். குருத்தணுக்கள் அடங்கிய பகுதி அடியில் தங்கும். அதனை அப்படியேயோ, ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கியோ, நோயுற்ற மூட்டில் ஊசிவழிச் செலுத்துவர்.

பயன் உண்டா? 2007இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில் இடுப்பு மூட்டு நோயுற்ற 21 நாய்கள் இடம்பெற்றன. சிலவற்றுக்குத் தத்தம் கொழுப்பிலிருந்து எடுத்த அணுக்களும், ஏனையவற்றுக்கு மருந்தில்லா நீர்மமும் செலுத்தினர். எந்த நாய்க்கு எது என்பது வளர்ப்போர்க்கும் தெரியாது, சோதித்த மருத்துவர்க்கும் தெரியாது. அன்புடைய கண் இல்லாத நலத்தையும் காணுமன்றோ! அணுக்களைப் பெற்ற நாய்களின் நொண்டலும் நோவும் குறைந்தன. எனினும், 21 என்பது சிறு தொகையே.

ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. குருத்தணுவில் குருத்து என்பது முளைப்பிக்கும் ஆற்றலைக் குறிக்கும். குருத்தெலும்பில் மென்மையைக் குறிக்கும். சொல் ஒன்றாதலின், முன்னது பின்னதாக வளரும் என மயங்குதல் எளிது. மூட்டிற் செலுத்திய அணுக்களுட் பெரும்பாலன நெடுநாள் தங்குவதில்லை. அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரந்து, சுற்றியுள்ள அணுக்களுக்குக் குறிப்புணர்த்துவதே அவற்றின் முதன்மைப் பணி என்பது இன்றைய கருத்து. 1991இல் இவ்வகை அணுக்களுக்கு 'ஸ்டெம் செல்' என்னும் பெயரை வழங்கிய அர்னால்டு கேப்லன் என்னும் அறிஞரே, 2017இல் அப்பெயரை மாற்றவேண்டும் என்று எழுதினார். நாயின் மூட்டு நோய்க்கென 2022இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒப்பிய மருந்தொன்றில் இருப்பவை குதிரையின் தொப்புட்கொடி அணுக்கள். குதிரையின் அணு நாயின் எலும்பாக வளருமென யார் எதிர்பார்ப்பர்?

ஆதலின் மாணவனுக்கு நான் கூறிய விடை இது: "தம்பி, நோவு தணியலாம், தேய்ந்த எலும்பு புதிதாக முளைக்குமென நம்பிவிடாதே. நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டு. பருத்திருந்தால் எடையைக் குறை. வீட்டிலிருக்கும் வலி மாத்திரையை மட்டும் கொடுத்துவிடாதே. மனிதர்க்குரிய மாத்திரை நாய்க்கு நஞ்சாகலாம்."

கலைச்சொல்லைக் கற்பிக்கும் ஆசிரியர், அதன் பொருத்தத்தோடு அதன் எல்லையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.