விதைநெல்லை விற்கலாமா?

பஞ்சம் வந்த ஆண்டிலும் உழவன் வீட்டில் ஒரு குதிருக்கு மட்டும் கை போகாது. அதில் இருப்பது விதைநெல். அதைக் குற்றிச் சமைத்தால் இன்றையப் பசி தீரும். ஆனால் அடுத்த ஆண்டு வயல் தரிசாகக் கிடக்கும். நிலத்தைப் பொறுத்தவரையில் இந்த உண்மை எல்லாருக்கும் விளங்குகின்றது. கடலைப் பொறுத்தவரையில் மட்டும் அதை ஏன் இத்துணை எளிதில் மறந்துவிடுகிறோம்?

அயர்லாந்து நாட்டில் இந்த விதைநெல் வழக்கு ஒரு மீனைக் குறித்து எழுந்துள்ளது. அம்மீனை விற்பனைக்காகப் பிடிக்கும் உரிமையைத் திரும்பத் தர வேண்டும் என்று படகு மீனவர்கள் கேட்கின்றனர். தரவே கூடாது என்று தூண்டிற்காரர்கள் எதிர்க்கின்றனர். இரு திறத்தாரும் தீயவர் அல்லர். இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. ஆதலால்தான் இவ்வழக்கு, வாசகர்களே, நம் சிந்தனைக்கும் உரியதாகின்றது.

மெல்ல வளரும் மீன்

'ஸீ பாஸ்' என்பது அம்மீனின் பெயர். நம் கொடுவா மீனையும் ஆங்கிலத்தில் இப்பெயராலேயே வழங்குவர். எனினும் இரண்டும் வெவ்வேறு இனங்கள். கொடுவா வெப்பநாட்டு மீன், விரைந்து வளர்வது. ஐரோப்பாவின் பாஸ் மீனோ குளிர்ந்த நீரில் மெல்ல மெல்ல வளர்வது. அயர்லாந்துக் கடலில் ஒரு பெண் மீன் முதன்முதலாகச் சினை கொள்வதற்கு ஏறத்தாழ ஆறேழு ஆண்டுகள் ஆகின்றன. அப்போது அதன் நீளம் 42 செ.மீ. அளவில் இருக்கும். வலைக்கும் தூண்டிலுக்கும் தப்பினால் அது 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடும்.

அதன் வாழ்க்கை முறையே அதற்குப் பகையாகவும் அமைந்துவிட்டது. குளிர்காலத்திலும் இளவேனிலிலும் பாஸ் மீன்கள் ஆழ்கடலில் திரளாகக் கூடிச் சினை விடுகின்றன. அவ்வேளையில் இரண்டு படகுகள் சேர்ந்து இழுக்கும் பெரிய மடியில் ஒரு கூட்டமே அகப்பட்டுவிடும். கோடையிலோ அவை கரையோரம் வந்து இரை தேடுகின்றன. அடையாள வில்லை கட்டி விடப்பட்ட மீன்கள் ஆண்டுதோறும் பழகிய அதே கரைக்குத் திரும்பி வருவதை ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆகவே ஒரு கரையில் வாழும் மீன்களைப் பிடித்துத் தீர்த்துவிட்டால், வேறிடத்து மீன்கள் வந்து அவ்விடத்தை விரைவில் நிரப்பிவிடும் என்று நம்பியிருக்க இயலாது.

1990-ஆம் ஆண்டின் தடை

அயர்லாந்தின் தென்கரையிலும் தென்மேற்குக் கரையிலும், வெக்ஸ்போர்டு முதல் கெர்ரி வரை, ஒரு காலத்தில் பாஸ் மீன்கள் மிகுந்திருந்தன. அலை புரளும் மணற்கரைகளில் நின்று தூண்டில் வீசுவதற்காகவே வெளிநாட்டார் அங்கே வந்தனர். ஆனால் தங்கூசி வலைகள் பெருகிய பின்பு, 1970-களிலும் 1980-களிலும் மீன்வளம் வற்றத் தொடங்கியது. விழித்துக்கொண்ட அரசு 1990-இல் கடுமையான ஒரு முடிவை எடுத்தது. அயர்லாந்துப் படகுகள் பாஸ் மீனை விற்பனைக்காகப் பிடிப்பது தடை செய்யப்பட்டது.

தூண்டிற்காரர்களும் கட்டுப்பாட்டிலிருந்து தப்பவில்லை. ஒரு நாளைக்கு 2 மீன்களுக்கு மேல் எடுக்கக்கூடாது, 40 செ.மீ.க்குக் குறைந்த மீனைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும். மே 15 முதல் ஜூன் 15 வரை பாஸ் மீன் பிடிக்கவே கூடாது என்று விதிக்கப்பட்டது. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத 61 நாள் தடையை அறிந்த நமக்கு, இத்தகைய ஏற்பாட்டின் கருத்து எளிதில் விளங்கும். நம் நாட்டில் அது ஆண்டுக்கு இரு மாத ஓய்வு. அயர்லாந்தின் படகுகளுக்கோ ஒரு தலைமுறைக் காலத்து ஓய்வு.

படகு மீனவரின் முறையீடு

இனி, தடையினால் இழந்தவர்களின் குரலையும் கேட்போம். அவர்களுடைய மனத்தாங்கலைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. 1990-இன் தடை அயர்லாந்துப் படகுகளையே கட்டுப்படுத்தியது. அயல்நாட்டு இழுவைப் படகுகளோ கரையிலிருந்து எட்டத்தில், அதே மீன்களை, அவை சினைக்காகக் கூடிய இடத்திலேயே வாரிச் சென்றன. "நாங்கள் காத்து வளர்ப்பதை அடுத்தவன் அறுத்துக்கொண்டு போவதா?" என்று கேட்பவனுக்கு என்ன விடை சொல்வது?

மற்றொரு வேதனையும் உண்டு. வேறு மீனுக்கு விரித்த வலையில் பாஸ் மீனும் தானே வந்து சிக்கும். பெரும்பாலும் அது வலையிலேயே இறந்துபோகும். சட்டப்படி அதைக் கரைக்குக் கொண்டுவர முடியாது. நல்ல விலை போகக்கூடிய ஒரு மீனை, செத்த பின்பும், தன் கையாலேயே கடலில் வீசி எறிய வேண்டிய மீனவனின் உள்ளம் எப்படிக் கொதிக்கும்! அதனால் யாருக்கு என்ன நன்மை என்று அவன் கேட்பது இயல்பே.

2015-இல் இந்த ஓரவஞ்சனைக்கு ஓரளவு முடிவு வந்தது. 2008 முதல் 2012 வரை பிறந்த குஞ்சுகள் மிகக் குறைவு என்றும், பிடிபடுவதோ அளவுக்கு மீறியது என்றும் பன்னாட்டுக் கடலாய்வு மன்றம் எச்சரித்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் அவ்வாண்டின் தொடக்கத்தில் சினைக் காலத்து இழுவைமடியை நிறுத்தியது. அயர்லாந்தைச் சூழ்ந்த கடற்பகுதிகளில் பிற நாட்டுப் படகுகளுக்கும் தடையை விரித்தது. பிடிக்கக்கூடிய மீனின் குறைந்த நீளத்தை 36 செ.மீ.யிலிருந்து 42 செ.மீ.யாக உயர்த்தியது. அதன் பொருள் என்ன? அதுவரை ஐரோப்பாவின் பல கரைகளில் ஒருமுறையேனும் சினை விடாத மீன்களைப் பிடித்து உண்பதே சட்டத்துக்கு உட்பட்ட செயலாக இருந்தது!

தூண்டிற்காரரின் நியாயம்

தூண்டிற்காரர்களின் வாதம் இரண்டு தூண்களின் மேல் நிற்கின்றது. ஒன்று, பொருளாதாரம். உயிரோடு திரும்ப விடப்படும் மீன் மறுபடியும் தூண்டிலுக்கு வரும்; அதை நாடி வருகிறவன் விடுதியில் தங்குவான், உணவகத்தில் உண்பான், வழிகாட்டிக்குக் கூலி கொடுப்பான். அயர்லாந்தில் எல்லா வகைத் தூண்டில் மீன்பிடிப்பினாலும் ஆண்டுக்கு ஏறத்தாழ 75 கோடி யூரோ பொருளாதாரப் பயன் விளைவதாக 2013-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. பாஸ் மீன் அதில் ஒரு பங்கே. எனினும் தென்கரைச் சிற்றூர்களுக்கு அது சிறிய பங்கு அன்று. சந்தையில் எடைக்கு விற்ற மீனோ ஒரே ஒரு முறைதான் காசாகும்.

இரண்டாவது, நியாயம். மீன்வளம் இன்னும் குன்றியே இருந்ததால், 2017-ஆம் ஆண்டுக்கும் 2018-ஆம் ஆண்டுக்கும் பாஸ் மீனை அறவே பிடிக்க வேண்டாம் என்று கடலாய்வு மன்றம் அறிவுரை கூறியது. 2018-இன் பெரும்பகுதியில் தூண்டிற்காரர் பிடித்த ஒவ்வொரு மீனையும் விட்டுவிட வேண்டியிருந்தது. அக்டோபரில்தான் நாளைக்கு ஒன்று எடுத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. அதே ஆண்டில் இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளின் கரைகளில், தூண்டில் கொண்டு தொழில் செய்யும் ஒவ்வொரு படகும் 5 டன் வரை பிடித்து விற்கலாம் என்று விதி இருந்தது. பிள்ளைக்கு ஒரு மீன் கொண்டுபோகவும் உரிமை இல்லாதவன், பக்கத்துக் கடலில் டன் கணக்கில் விற்பனை நடப்பதைக் கண்டு மனம் கசந்தது வியப்பன்று. 2020-இல் நாளைக்கு 2 மீன் என்று விதி தளர்ந்தது. இவ்வாறு சிறிது சிறிதாகத் தேறிவரும் வளத்தை, தேறியது போதும் என்று வலைக்குத் திறந்துவிடலாமா என்பதே அவர்களது கேள்வி.

கடல் கடந்த ஒரு பாடம்

இதற்கு விடை தேட அமெரிக்காவின் கிழக்குக் கரையைப் பார்ப்பது நலம். அங்கே 'வரிப்பாஸ்' என்று சொல்லத்தக்க உறவு மீன் ஒன்று உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அது பெரிதும் அருகிப்போனது. 1984-இல் தனிச்சட்டம் பிறந்தது. 1985-இல் மேரிலாந்து மாநிலம் அதைப் பிடிப்பதை முழுவதும் நிறுத்தி, ஐந்தாண்டு பொறுத்திருந்தது. பொறுமை பலன் தந்தது; 1995-இல் மீன்வளம் மீண்டது என்று அறிவித்தனர். உலகமே அதைப் பாராட்டியது. ஆனால் 2019-இல் வெளியான மதிப்பீடு, மீண்டும் அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அவ்வளம் தாழ்ந்துவிட்டது என்று கூறியது. மீண்டும் அதைத் தாழ்த்தியதில் பெரும்பங்கு யாருடையது? விற்பனைப் படகுகளுடையது அன்று. பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட்டவர்களுடையது! எடுத்துச்சென்ற மீன்களோடு, தூண்டிலில் காயமுற்று, விட்ட பின்பு இறந்த மீன்களும் அக்கணக்கில் மிகுதியாக இருந்தன.

இப்பாடம் இரு பக்கமும் கூரான கத்தி. மீண்டு வந்த வளம் மறுபடியும் அழியக்கூடும் என்பதால், விற்பனைக்குக் கதவைத் திறக்காதீர் என்னும் அயர்லாந்துத் தூண்டிற்காரரின் அச்சம் மெய்யானது என்று அது காட்டுகின்றது. கட்டுப்பாடு பிறருக்கு மட்டுமே உரியது என்று எண்ணினால் அத்தூண்டிற்காரரே நாளை அம்மீனுக்குக் கூற்றுவராவர் என்பதையும் அது காட்டுகின்றது.

என் கருத்தைச் சொல்வதானால், தடை நீடிக்கத்தான் வேண்டும். ஆறேழு ஆண்டு வளர்ந்த பின்னரே சினை கொள்ளும் உயிரை ஓரிரு நல்ல ஆண்டுகளை நம்பி வலைக்கு விடுவது விவேகம் அன்று. ஆனால் அத்தடையின் பாரம் முழுவதையும் சிறிய படகுக்காரனின் தோளில் ஏற்றிவிட்டு, நாம் வென்றோம் என்று மகிழ்வது அறமும் அன்று. வலையில் செத்து வரும் மீனுக்கு வழி காண்பதிலும், வலை விரிக்கும் இடத்தையும் காலத்தையும் மாற்றுவதிலும் அவனோடு கலந்து முடிவெடுக்க வேண்டும். தூண்டிற்காரனும் தன் பங்குக்கு, பிடித்த மீனைப் பதமாகக் கையாண்டு விடுவதையும், விதி அனுமதித்தாலும் வேண்டியதற்கு மேல் எடுக்காமல் இருப்பதையும் தனக்குத் தானே சட்டமாக்கிக்கொள்ள வேண்டும்.

பொதுச்சொத்தைக் காப்பது என்றால், அடுத்தவனைத் தடுப்பதற்கு முன்னரே தன் கையைச் சுருக்கிக்கொள்வதுதான். நம் ஊர்க் குளத்துக்கும், ஆற்று மணலுக்கும், நிலத்தடி நீருக்கும் இந்த நீதி பொருந்தாது என்று நம்மில் யார் சொல்ல முடியும்?