சனியை எதிர்த்திசையில் சுற்றும் ஃபீபி: 300 ஆண்டுப் புதிருக்கு விடை தந்த சிறு நிலவு

சனிக்கோளின் நிலவுகளில் ஒன்றான இயாபெட்டஸின் ஒரு பக்கம் பனிபோல் வெண்மையாகவும், மறுபக்கம் கரிபோல் கருமையாகவும் உள்ளது. இந்த வேறுபாட்டின் தொடக்கம், வெகு தொலைவில் சுற்றிவரும் ஃபீபி என்ற சிறிய நிலவில் இருப்பதாக விஞ்ஞானிகள் கருதுகின்றனர்.

இயாபெட்டஸை 1671-ஆம் ஆண்டு கண்டறிந்த வானியலாளர் ஜோவான்னி கசினி, சனியின் மேற்குப் புறத்தில் இருக்கும்போது மட்டுமே அதைக் காண முடிந்ததைக் கவனித்தார். அதன் ஒரு பக்கம் இருண்டிருக்க வேண்டும் என்று அவர் சரியாகவே கணித்தார். ஆனால், இருள் எங்கிருந்து வந்தது என்பது மூன்று நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் புதிராகவே நீடித்தது.

ஃபீபியின் தனித்தன்மை என்ன?

பெரு நாட்டின் அரேக்கிபா அருகே 1898-இல் எடுக்கப்பட்ட புகைப்படத் தகடுகளை ஆராய்ந்த வில்லியம் பிக்கரிங், 1899-இல் ஃபீபியைக் கண்டறிந்தார். புகைப்படத்தின் வாயிலாகக் கண்டறியப்பட்ட முதல் நிலவு இதுவே.

சுமார் 213 கி.மீ. விட்டமுடைய ஃபீபி, சனியிலிருந்து ஏறத்தாழ 1.3 கோடி கி.மீ. தொலைவில் உள்ளது. ஒருமுறை சுற்றிவர சுமார் 550 நாள்கள் ஆகின்றன. சனியின் பெரிய நிலவுகள் அனைத்தும் அக்கோள் சுழலும் திசையிலேயே செல்ல, ஃபீபியோ அதற்கு எதிர்த்திசையில் செல்கிறது.

சனியோடு சேர்ந்து உருவான நிலவு இவ்வாறு சுற்றுவது அரிது. எனவே, சூரியனைச் சுற்றிவந்த ஃபீபி, பிற்காலத்தில் சனியின் ஈர்ப்புவிசையில் சிக்கியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

காசினி விண்கலம் 2004 ஜூன் 11 அன்று சுமார் 2,000 கி.மீ. நெருக்கத்தில் ஃபீபியைக் கடந்து சென்றது. அதன் கரிய மேற்பரப்புக்கு அடியில் உறைபனி இருப்பதைப் படங்கள் காட்டின. உறைந்த கார்பன் டை ஆக்சைடும் கண்டறியப்பட்டது. நெப்டியூனுக்கு அப்பாலுள்ள கைப்பர் பட்டையைச் சேர்ந்த பொருள்களோடு ஃபீபிக்கு உறவு இருக்கலாம் என்ற கருத்துக்கு இவை வலுச்சேர்த்தன.

புதிர் அவிழ்ந்தது எப்படி?

விண்கற்கள் மோதும்போது ஃபீபியிலிருந்து தூசு வெளியேறுகிறது. இத்தூசாலான மிகப்பெரிய வளையத்தை ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிர்கள் மூலம் கண்டறிந்தது. 2009-இல் இது அறிவிக்கப்பட்டது. வளையம் மிகவும் அடர்த்தி குறைந்தது என்பதால் கண்ணுக்குப் புலப்படாது.

இந்தத் தூசு எதிர்த்திசையில் சுற்றியவாறே சனியை நோக்கி மெல்ல நகர்கிறது. வழியில் எதிர்ப்படும் இயாபெட்டஸ், சனிக்கு எப்போதும் ஒரே முகத்தைக் காட்டிச் சுற்றுவது. ஆகவே, அது செல்லும் திசையை நோக்கிய பக்கமும் மாறுவதில்லை. விரையும் வாகனத்தின் முன்கண்ணாடியில் பூச்சிகள் மோதி ஒட்டுவதுபோல், அந்தப் பக்கத்தில் மட்டும் தூசு படிகிறது.

கருமையான பகுதி சூரிய வெப்பத்தை அதிகம் ஈர்ப்பதால், அங்குள்ள பனி ஆவியாகிக் குளிர்ந்த பகுதிகளில் மீண்டும் படிகிறது. இதனால் கருமை மேலும் கருமையாகவும், வெண்மை மேலும் வெண்மையாகவும் மாறுகின்றன.

ஏன் முக்கியம்?

2025 மார்ச் மாதத்தில் 128 நிலவுகள் அங்கீகரிக்கப்பட்டதை அடுத்து, சனியின் நிலவுகளின் எண்ணிக்கை 274 ஆக உயர்ந்தது. அவற்றில் பெரும்பாலானவை ஃபீபியைப் போலத் தொலைவில் சுற்றும் ஒழுங்கற்ற சிறு நிலவுகளே. பெரும்பாலும் சில கி.மீ. விட்டமே கொண்ட இவை தொலைநோக்கியில் வெறும் ஒளிப்புள்ளிகளாகத் தெரிகின்றன. இந்த வகை நிலவுகளில் விண்கலம் நெருங்கிச் சென்று விரிவாகப் படமெடுத்த ஒன்று என்பதால், சூரியக் குடும்பத்தின் தொடக்கக் காலத்தை அறிய ஃபீபி முக்கியச் சான்றாக விளங்குகிறது.