ஊசி தருவது ஆறு வாரம்

முழங்கால் வலி, இடுப்பு வலி, கழுத்து வலி என்று வருகிறவர்களில் இரண்டு வகையினர் மருத்துவர்களை மிகவும் கவலைப்படுத்துகிறார்கள். ஒரு வகையினர் மாதம் தவறாமல் யாரிடமாவது 'வலி ஊசி' போட்டுக்கொண்டவர்கள். முகம் உப்பி, தோல் மெலிந்து, சர்க்கரை ஏறி, கடைசியில் அந்த ஊசிக்கும் வலி அடங்காத நிலையில் வருகிறார்கள். இன்னொரு வகையினர் தோளைத் தூக்க முடியாமல் மாதக்கணக்காக இரவுத் தூக்கத்தை இழந்தவர்கள். ஓர் ஊசியில் நல்ல பலன் கிடைத்திருக்கக்கூடிய காலத்தைத் தாண்டிவிட்டு வந்து, "ஸ்டீராய்டு மட்டும் வேண்டாம் டாக்டர்" என்கிறார்கள். முதல் வகையினருக்கு அளவுக்கு மீறிய நம்பிக்கை, இரண்டாம் வகையினருக்கு அளவுக்கு மீறிய பயம். ஸ்டீராய்டு ஊசி எதற்காகப் போடப்படுகிறது என்பது இருவருக்குமே தெரியவில்லை. வலி தணிந்த சில வாரங்களைத் தருவதுதான் அதன் வேலை. அந்த வாரங்களில் நாம் செய்வதுதான் சிகிச்சை.

இடுப்பில் போடுவது வேறு, மூட்டில் போடுவது வேறு

பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகவே 'ஸ்டீராய்டு ஊசி' என்கிறோம். மூட்டுக்குள் போடும் ட்ரையாம்சினலோன், மெத்தில்பிரெட்னிசலோன் குப்பிகளைக் கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். தண்ணீர் கலந்த பால்போல வெண்மையாக இருக்கும். குலுக்கினால்தான் அடியில் தங்கியது கலக்கும். அந்த வெண்மை, கரையாத நுண்துகள்களால் வருவது. அவை மூட்டிலேயே தங்கி மெதுவாகக் கரைவதால்தான் பலன் வாரக்கணக்கில் நீடிக்கிறது. இடுப்புத் தசையில் அடிக்கடி போடப்படும் டெக்ஸாமெத்தசோன் தெளிந்த நீர்போல இருக்கும். அது ரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் போகிறது. வலிக்கும் முழங்காலுக்குச் சிறிதளவும், வலிக்காத எலும்பு, கண், கணையம், தோல் எல்லாவற்றுக்கும் மீதியும் போய்ச் சேர்கிறது. மூட்டு ஊசியிலும் கொஞ்சம் மருந்து ரத்தத்துக்குப் போகும். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. முதுகெலும்புக்குள் போடும் ஊசி மூன்றாவது வகை. எக்ஸ்ரே திரையில் ஊசி முனையைப் பார்த்தபடி, பயிற்சி பெற்றவர் மட்டுமே போட வேண்டியது அது.

ஆய்வுகள் காட்டுவது

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், முடக்குவாதத்தால் நடமாட்டம் குறைந்திருந்த ஓர் இளம்பெண்ணுக்கு கார்ட்டிசோன் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. சில நாட்களில் அவர் நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்தை நிறுத்தியதும் நோயாளிகளுக்கு வலி திரும்பியது. தொடர்ந்து கொடுத்தால் பக்கவிளைவுகள் வரிசை கட்டின. வீக்கத்தை அணைக்கும் மருந்து, வீக்கத்துக்கான காரணத்தைத் தொடுவதில்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. பின்னால் வந்த ஆய்வுகளும் இதையே உறுதி செய்கின்றன. மூட்டுத் தேய்மானம் உள்ள 140 பேருக்கு இரண்டு ஆண்டுகள், 12 வாரத்துக்கு ஒருமுறை முழங்காலில் ஊசி போட்டார்கள். பாதிப்பேருக்கு ஸ்டீராய்டு, மீதிப்பேருக்கு வெறும் உப்பு நீர். 2017-ல் முடிவு வெளியானபோது வலியில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை; ஸ்டீராய்டு பெற்றவர்களின் குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. 2020-ல் வெளியான இன்னோர் ஆய்வில் முழங்கால் தேய்மானம் உள்ள 156 பேரில் ஒரு பிரிவுக்கு ஊசி, இன்னொரு பிரிவுக்கு இயன்முறைப் பயிற்சி. ஓராண்டு முடிவில் பயிற்சி பெற்றவர்களே குறைந்த வலியோடு நன்றாக நடமாடினார்கள். முழங்கை வலியான டென்னிஸ் எல்போவில் நிலைமை இன்னும் தெளிவு: 2013-ல் வந்த ஆய்வில், ஸ்டீராய்டு ஊசி பெற்றவர்களில் 54 சதவீதம் பேருக்கு ஓராண்டுக்குள் வலி திரும்பியது, மருந்தில்லாத ஊசி பெற்றவர்களில் 12 சதவீதம் பேருக்குத்தான் திரும்பியது.

அப்படியென்றால் ஊசியே வேண்டாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2017 ஆய்வில் வலியை மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் அளந்தார்கள். ஊசி போட்ட முதல் சில வாரங்களில் கிடைத்த நிம்மதி அந்தக் கணக்கில் வரவில்லை. முழங்கால் தேய்மானத்தில் அந்த நிம்மதி ஏறக்குறைய ஆறு வாரம் வரை இருக்கும் என்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நீர் கோத்து வீங்கிய முழங்கால், ஆரம்ப நிலைத் தோள் இறுக்கம், மடக்கினால் பூட்டிக்கொள்ளும் விரல், முடக்குவாதத்தில் அடங்காத ஒற்றை மூட்டு, சவ்வு விலகி காலுக்கு இறங்கும் கடும் நரம்பு வலி: இங்கெல்லாம் சரியான இடத்தில் போட்ட ஓர் ஊசி பயன் தரும். பரவலாக 'இடுப்பு வலி' என்று சொல்லப்படும் வலிக்கு அது பயன் தருவதில்லை. முதுகுத்தண்டுக் குழாய் சுருங்கியவர்களிலும், 400 பேரிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், மரப்பு மருந்து மட்டும் பெற்றவர்களைவிட ஸ்டீராய்டும் சேர்த்துப் பெற்றவர்களுக்குப் பெரிய கூடுதல் பலன் கிடைக்கவில்லை.

வலியை வளர்க்கும் நம்பிக்கைகள்

"தேய்ந்த மூட்டுக்கு ஆயில் விடுகிறார்கள்" என்ற நம்பிக்கை மிகப் பரவலாக இருக்கிறது. ஸ்டீராய்டு எண்ணெயும் அல்ல, தேய்ந்த குருத்தெலும்பை நிரப்பும் ஜெல்லும் அல்ல. இந்தத் தவறான படம் மனதில் இருப்பதால்தான் வண்டிக்கு ஆயில் மாற்றுவதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்டுப் போட்டுக்கொள்கிறார்கள். ஒரே மூட்டில் இரண்டு ஊசிகளுக்கு இடையே குறைந்தது மூன்று மாதம் வேண்டும், ஆண்டுக்கு மூன்று நான்கைத் தாண்டக் கூடாது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் எல்லை. எல்லை என்பது தவறாமல் போட வேண்டிய அட்டவணை ஆகாது. முதல் ஊசி நான்கு வாரம்கூடத் தாங்கவில்லை என்றால், இரண்டாவதைக் கேட்பதற்கு முன் நோய் எது என்பதை மறுபடி பார்க்க வேண்டும்.

"ஊசி போட்டதும் வலி போய்விட்டது, நோயும் போய்விட்டது" என்பது இரண்டாவது நம்பிக்கை. வலி குறைந்த தெம்பில் மூட்டை தூக்குகிறார்கள், மாடிப்படி ஏறி இறங்குகிறார்கள். கெடுதல் நடக்கும் இடம் இதுதான். குதிகால் நரம்பு என்று நாம் சொல்லும் தசைநாருக்குள்ளோ அதையொட்டியோ ஸ்டீராய்டு போட்டால் அது பலவீனமாகி, இப்படிப் பாரம் ஏற்றும்போது அறுந்துபோகக்கூடும். தோலுக்கு அருகில் கசிந்தால் அந்த இடம் வெளுத்து, கொழுப்பு கரைந்து குழியாகும். பலன் தெரியும் முன் ஓரிரு நாள் வலி கூடுவதும் முகம் சிவப்பதும் உண்டு. அவை தாமாகவே அடங்கும்.

"மருந்துக் கடையில் ஒரு செட் வாங்கிப் போட்டேன், கேட்டது" என்பதுதான் பொறுக்க முடியாத பழக்கம். பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டு மாத்திரையும் இருக்கிறது. அட்டையோடு வாங்கியிருந்தால் அதில் ஒரு சிவப்புக் கோடு இருப்பது தெரிந்திருக்கும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. 'மூலிகை', 'பக்கவிளைவே இல்லை' என்று விற்கப்படும் பொடிகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. பத்து வருட மூட்டு வலி இரண்டே நாளில் பறந்துவிட்டது என்றால் மகிழ்வதற்கு முன் சந்தேகப்படுங்கள். இப்படி மாதக்கணக்கில் எடுத்தால் உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோகிறது, எலும்பு சல்லடையாகிறது, சிலருக்கு இடுப்பு மூட்டுப் பந்துக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கவும் கூடும். இதைப் படித்துவிட்டு இன்றே நிறுத்திவிடவும் கூடாது. நாள்பட எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். பொட்டலத்தோடு மருத்துவரிடம் வாருங்கள், படிப்படியாகக் குறைக்கலாம்.

"ஸ்டீராய்டு என்றாலே விஷம்" என்பது எதிர்ப்பக்கத்து நம்பிக்கை. 2021-ல் கொரோனா நோயாளிகளிடையே கரும்பூஞ்சை நோய் பரவியபோது இந்தப் பயம் பெருகியது. அன்று ஆபத்தானது கட்டுப்படாத சர்க்கரையோடு சேர்ந்த அதிக அளவு ஸ்டீராய்டு. நம் சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பி தினமும் சுரப்பதும் ஸ்டீராய்டுதான். அளவும் இடமும் தெரிந்து போடும் ஓர் ஊசியை மாதக்கணக்கான மாத்திரையோடு ஒப்பிட்டு மறுப்பது, உறைந்துபோன தோளை மேலும் உறைய விடுவதாகும்.

சர்க்கரை உள்ளவர்கள் கவனிக்க

2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தோள் இறுக்கம் அவர்களுக்கே அதிகம் வருகிறது; ஊசியின் தேவையும் ஆபத்தும் ஒரே ஆளிடம் சேர்கின்றன. மூட்டில் ஒரே ஓர் ஊசி போட்டாலும் சில நாட்கள், சிலருக்கு ஒரு வாரம் வரை, சர்க்கரை ஏறும். ஊசிக்கு முன் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும், தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் பார்த்தால் போதும். பின்பு ஒரு வாரம் வீட்டிலேயே சர்க்கரையை அளந்து எழுதுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும், உடலில் எங்காவது தொற்று உள்ளவர்களும், மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொள்ளப் போகிறவர்களும் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

ஊசி போட்ட மூட்டு சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். கிருமி புகுந்த மூட்டு சில நாட்களிலேயே அழிந்துவிடும். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, பாதம் தொங்கினாலோ அதுவும் அவசரம். முதுகெலும்பு ஊசியால் மிக அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், உயிரிழப்பு நேரலாம் என்று 2014-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. 2012-ல் அங்கே பூஞ்சை கலந்த ஸ்டீராய்டுக் குப்பிகளால் 750-க்கும் மேற்பட்டோர் நோயுற்று, 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். யார் போடுகிறார், எந்தச் சுத்தத்தில் போடுகிறார் என்பதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அந்த ஆறு வாரத்தை வீணாக்காதீர்கள்

ஊசி போட்ட ஓரிரு நாள் மூட்டுக்கு ஓய்வு கொடுங்கள். அதன்பின் கால் நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து, ஐந்து விநாடி கீழ்நோக்கி அழுத்தித் தளர்த்துங்கள். ஒரு காலுக்குப் பத்து முறை, காலையும் மாலையும். தோளென்றால் சுவரில் விரல்களை வைத்து ஒவ்வோர் அங்குலமாக ஏற்றுங்கள். நேற்றுவரை வலியால் முடியாத இந்தப் பயிற்சி, ஊசி தந்த வாரங்களில் முடியும். முழங்காலைத் தாங்கப் போகிற தொடைத் தசை அப்போதுதான் வளரும். "நேரமில்லை" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: மாதம் ஒருமுறை ஊசிக்கு வரிசையில் நிற்க நேரம் இருக்கிறதே? தயவுசெய்து உடல் எடையில் ஐந்து கிலோவாவது குறையுங்கள். தயவுசெய்து வலி திரும்பும்வரை காத்திராமல், வலி இல்லாத நாளிலேயே தசையை வளருங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட ஊசியை உங்கள் அம்மாவுக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். ஊசி தருவது ஆறு வாரம். அதற்குப் பிறகு உங்களை நடக்க வைப்பது அந்த ஆறு வாரத்தில் நீங்கள் தேடிக்கொண்ட பலம்தான்.